மனுவில் ஒரு கையெழுத்து

அரியலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இலவசமாக ஓர் ஆவணப்படம் போட்டார்கள். சுரங்கத்தை எதிர்த்துப் போராடிய ஒரு மலைக்கிராமத்தைப் பற்றிய படம் அது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் மனைவியோடு போயிருந்தேன்.

படம் முடிந்ததும், எங்கள் பகுதியில் புதிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் வேண்டாம் என்ற மனு ஒன்று கைமாறி வந்தது. நான் கையெழுத்துப் போடாமல் அவளிடம் நீட்டினேன். அவள் பேனா கேட்டாள்.

“வேணாம். ஆலையில பாத்தா என்னைத்தான் கேப்பாங்க” என்றேன்.

“முன்னாடி தோண்டின சுரங்கத்துக்குப் போனது எங்கப்பா நெலங்க” என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்த இனிஷியலோடு கையெழுத்துப் போட்டாள்.

ஆலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மனு என்ன ஆயிற்று என்று அவள்தான் சில மாதங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை, விசாரிக்கவும் இல்லை.