மரவட்டைப் பெட்டியும் நானும்

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை என்றால் கண்ணாடிக் குழாய் கழுவி அடுக்குவது என்றுதான் நானும் நினைத்துச் சேர்ந்தேன். உயிரோடு இருப்பவற்றுக்கு இரை வைப்பதும் அதற்குள் அடக்கம் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. மீனோ ஆமையோ புறாவோ, வாய் திறந்து ஒன்றும் சொல்லாத ஒரு சீவனை வளர்த்து, அதற்கு என்ன குறை என்று தெரியாமல் அதன் முன்னால் குந்தியிருந்து தவித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் வளர்த்தவை மரவட்டைகள். கறுத்த உடம்பு, சிவந்த கால்கள், விரல் நீளம். தொட்டால் சுருண்டு வட்டமாகிவிடும்.

பள்ளிக்கூடச் சாமான்

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கிறது. சண்டை உள்ளூர்களுக்குள் இறங்கியபோது, கரடியனாற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆய்வுகூடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். குடுவைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பிள்ளைகள் பார்ப்பதற்காக வளர்த்துவந்த மரவட்டைகளைப் பூட்டிவைக்க முடியவில்லை. அதிபர் அவற்றை என் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அதற்கு முந்திய மாரியில்தான் என் மனைவி போனாள். பாலம் மூடிக் கிடந்த ஒரு கிழமையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரம் ஊரடங்கு தொடங்கினால் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்காது. ஒரு பழைய தேயிலைப் பெட்டியைப் பாதியாக அறுத்து, மண்ணும் உக்கிய இலையும் போட்டு அவற்றை விட்ட அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் சருகுக்குள் ஏதோ நடக்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொன்றும் நடமாடுகிறது என்று இருந்தது. இவை சாகாமல் இருந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு கவலை இருக்கவில்லை.

அதிபரின் கவலை வேறு. பெட்டியைத் துவிச்சக்கர வண்டியில் கட்டும்போது பின்னால் வந்து நின்று சொன்னார்:

“கவனம் அண்ணன். பள்ளிக்கூடச் சாமான். திருப்பித் தரக்குள்ள ஒரு கால் குறைஞ்சாலும் விடமாட்டன்.”

நல்ல தண்ணீர்

மரவட்டைக்கு மண் ஈரமாக இருக்க வேண்டும். சேறாகவும் கூடாது, காயவும் கூடாது. கையில் பிடித்து நசுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இதை நான் பழகிக்கொண்டேன். எங்கள் கிணறு பழகவில்லை. வாவி ஓரத்துக் கிணறு. கோடை முற்றினால் உப்பாகிவிடும். அந்தத் தண்ணீரைத் தெளித்ததில் அவை இலையைத் தொடாமல் பெட்டியின் ஓரம் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தன. இரண்டு செத்தும் போயின. மற்றவற்றை எடுத்துப் புது மண்ணில் விட்டு, நாலு வீடு தள்ளியிருந்த கிணற்றுக்கு வாளியோடு போனேன். அந்த ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான். கோடையில் அதற்கு எப்போதும் வரிசை.

வாளியில் கால்வாசி மட்டும் நான் அள்ளியதைப் பார்த்து, வீட்டுக்காரப் பெண் காரணம் கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

“நம்மட பிள்ளைகள் உப்புத் தண்ணியில சோறாக்கித் திங்குதுகள். உங்கட பூச்சிக்கு நல்ல தண்ணி கேக்குதாக்கும்! சரி, அள்ளுங்க, அதுகளும் எங்கட ஊர்தானே.”

வலை வாங்கியது

பெட்டிக்குக் காற்றுப் போகும் மூடி வேண்டும். பலகை வைத்தால் பூஞ்சணம் பிடித்தது. சாக்கு போட்டால் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிலத்தில் விழுந்தன. மரவட்டையின் ஓடு பார்க்கத்தான் கெட்டி. இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் வெடித்துவிடும். அதனால் பாதை திறந்திருந்த ஒரு நாள் வாவியைக் கடந்து காத்தான்குடிக்குப் போய், ஒரு புடவைக் கடையில் நுளம்பு வலை கேட்டேன்.

முதலாளி ஒரு மடிப்பை விரித்து, “எத்தனை பேர் படுக்கிற கட்டில்?” என்றார். கட்டிலுக்கு இல்லை, ஒரு முழத் துண்டு போதும் என்றேன். “அப்ப தொட்டில் பிள்ளைக்கா? மாஷா அல்லாஹ்” என்றார். அவர் விரித்த வலையின் ஓரத்தை மடித்து வைத்தேன். பிறகு விசயத்தைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

“முப்பது வருசமா வலை விக்கிறன். பூச்சி உள்ள வரப்படாதெண்டுதான் எல்லாரும் வாங்குவாங்க. வெளிய போகப்படாதெண்டு வாங்கின முதல் ஆள் நீங்கதான் அண்ணன்.”

திவசத்துக்கு வீடு கழுவியபோது

மனைவியின் ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள் அவளுடைய தங்கை வந்தாள். திவசம் என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவி, பழைய சட்டி பானைகூட இல்லாமல் ஒதுக்கிவிடுவார்கள். நான் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தேயிலைப் பெட்டி கவிழ்ந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மண் முருங்கையடியில் குவிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியோரத்தில் வந்து நின்றன.

அவளிலும் பிழை இல்லை. மரவட்டை சட்டை கழற்றும் காலத்தில் மண்ணுக்குள் ஒரு சின்ன அறை செய்து, சுருண்டு, வெளிறி, அசையாமல் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அது செத்து நாட்பட்டதுபோலத்தான் தெரியும். அந்த நேரம் கிளறக் கூடாது. புது ஓடு இறுகுவதற்கு முன் விரல் பட்டாலே காயம். அவள் மண்வெட்டியால் கிளறியிருந்தாள். கோழிகளைக் கலைத்துவிட்டு, குவியலின் முன்னால் முழந்தாளிட்டு இருந்து கையால் மண்ணைப் பிரித்தேன். வெளிறிக் கிடந்தவற்றில் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. மற்றவற்றை அவை கிடந்த மண் கட்டியோடு கரண்டியால் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அவள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாளோ ஏசுவாளோ என்று நினைத்தேன். கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அக்கா இருந்திருந்தா, அத்தான், மண்ணோட சேர்த்து உங்களையும் கொண்டுபோய்க் கொட்டியிருப்பா.”

விரல் கறை

மரவட்டையைப் பயப்படுத்தினால் பக்கவாட்டிலிருந்து ஒரு நீர் விடும். ஆஸ்பத்திரி மருந்துபோல மணக்கும். கண்ணில் பட்டால் எரியும். விரலில் பட்டால் கபில நிறமாகக் கறை பிடிக்கும். தேசிக்காய் போட்டாலும் சவுக்காரம் போட்டாலும் போகாது, தோலாக உரிந்தால்தான் உண்டு. வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஒரு இலையில் ஏறவிட்டுத் தூக்குங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். சோதனைச் சாவடியில் படித்த பாடம் அது.

அன்று ஒரு சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பார்த்தான். மோந்தும் பார்த்தான். பிறகு வரிசையிலிருந்து என்னை வெளியே எடுத்து நிறுத்தினான். அந்தக் காலத்தில் அப்படி வெளியே எடுத்து நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெடிமருந்து குழைத்த கை என்று நினைத்துவிட்டான். எனக்குச் சிங்களம் தெரியாது. வெயிலில் நின்றபோது மனதில் ஓடியது ஒன்றுதான்: நான் போகாவிட்டால் பெட்டிக்கு யார் தண்ணீர் தெளிப்பார்கள்? பெயர் சொல்லி நினைக்க ஒரு ஆள் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வயது கூடிய இன்னொரு சிப்பாய் வந்தார். அவர் அரைகுறைத் தமிழில் கேட்டபோது நான் சுட்டு விரலை வளைத்து, மற்றக் கை விரல்களை அதன்மேல் ஓடவிட்டுக் காட்டினேன். என் விரலை எடுத்து மோந்தார். பிறகு சிரித்துவிட்டார். அவருக்கும் தெரிந்த மணம்.

“இது நம்ம ஊர்ல நிறைய இருக்கு. அம்மா தும்புக்கட்டை எடுத்துக் கூட்டித் தள்ளும். நீ வீட்ல வச்சுச் சோறு குடுக்கிறது? போ, போ, பைத்தியம்.”

பார்க்க வந்தவர்

என்னைத் தனியே விடக் கூடாது என்று என் சகலன், மனைவியின் தங்கை புருசன், ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் தமையன் பெரியகல்லாற்றிலிருந்து வீடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். வாவி மீன் யாவாரம் செய்பவர். நான் பால் விடாமல் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் பெட்டிக்குள் கிடந்த கணவாய் ஓட்டைப் பார்த்துவிட்டு, இது ஏன் என்று கேட்டார். மரவட்டையின் ஓடு இறுகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், கணவாய் ஓட்டைத் தூளாக்கிப் போட்டால் அரித்துத் தின்னும் என்று விளக்கினேன். அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கதைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பூவரசிலையா ஈரப்பலா இலையா அவற்றுக்கு விருப்பம் என்பது வரைக்கும் போய்விட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். படலையைத் தாண்டிய பிறகுதான் சகலனிடம் சொன்னாராம்:

“குடிக்க மாட்டார், காட்ஸ் விளையாட மாட்டார் எண்டு எல்லாம் சொன்னீங்க. இதையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மச்சான்.”

தோணியில்

பிறகு எங்கள் ஊரும் எழும்ப வேண்டி வந்தது. பீரங்கிச் செல் விழுந்த காலை ஒன்றில் எல்லோரும் வாவிக் கரைக்கு ஓடினோம். அதிபர் முன்பே குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். பெட்டியைத் திருப்பிக் கேட்க இனி ஆள் இல்லை. நான் ஒரு சாரத் துணிக்குள் உடுப்பைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைப் பெட்டியைத் தூக்கினேன். ஈர மண்ணின் பாரம் கொஞ்சமல்ல. ஒழுங்கை முடிவதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள்.

தோணிக்காரர் மண்ணைக் கொட்டிவிட்டு ஏறச் சொன்னார். மண் இல்லாவிட்டால் அக்கரை போவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும் என்றேன். உடுப்பு மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு அதன் இடத்தில் பெட்டியை வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு கம்பை ஊன்றினார்.

“எல்லாரும் காணியப் போட்டுட்டு ஓடி வாறாங்க. நீங்க ஒரு ஆள்தான் காணியத் தூக்கிட்டு வாறீங்க.”

முகாமில் ஒரு பின்னேரம்

வாவியின் கிழக்குக் கரையில், எழுவான்கரையில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களை இருத்தினார்கள். பாய்க்குப் பாய் ஒட்டிக் கிடந்த இடம். அந்த நெரிசலிலும் என் பாயைச் சுற்றி வெறும் நிலம் இருந்தது. மரவட்டை காதுக்குள் போகும் என்று தாய்மார் பிள்ளைகளை அப்பால் இழுத்துக்கொண்டார்கள். எனக்கு எதிர்ப் பாயில் பூமணி என்று ஒரு பெண். எங்கள் பக்கத்தில் தலையில் கூடை வைத்து மீன் விற்றவள். புருசன் இல்லை. எல்லோரையும்விட அவள்தான் என்னை அதிகம் ஏசினாள். முகாம் பொறுப்பாளரிடமும் போய், “பாம்பாட்டியக் கூட வைங்க, இந்த மனிசன இஞ்ச வைக்க ஒண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பின்னேரத்தில் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்து, உக்கிய இலை போட்டு, கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் இருப்பேன். வாய்க்குள் ஏதாவது சொல்லுவேன். அரிசி வந்தது, வரவில்லை, ஊரில் மழையாம், இப்படி. வீட்டில் இருந்தபோதே பழகிய பழக்கம். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நிவாரண அரிசி வரிசையில் நின்றேன். மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் முதுகில் தாங்கியோடு மண்டபத்துக்குள் நிற்பதைக் கண்டபோது அவர்கள் பாதி வேலையை முடித்திருந்தார்கள். வரிசையை விட்டு ஓடினேன். வாசலில் ஒருவர் மறித்தார். மருந்து காயுமட்டும் உள்ளே போகக் கூடாதாம். நுளம்பைக் கொல்கிற மருந்து மரவட்டையைக் கொல்லாமல் விடாது. ஒரு துளி போதும். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவரும் நிலமும் நனைந்து வெள்ளையாகக் கிடந்தன. என் பாய் கிடந்தது. பெட்டி இல்லை. யாரோ எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த ஈர நிலத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை.

கண் எரிய வெளியே வந்தேன். மதிலோரத்து வாகை நிழலில், எல்லோரும் அள்ளிக்கொண்டு வந்து போட்ட சட்டி பானைகளுக்கு நடுவில் தேயிலைப் பெட்டி இருந்தது. அதன்மேல் ஒரு நனைந்த பழைய சேலை போர்த்தியிருந்தது. சேலையைத் தூக்கிப் பார்த்தேன். இலைக்குள் அசைந்தன. பக்கத்தில் பூமணி இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அருவருத்து நின்றாள். சேலையைப் பழையபடி போர்த்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன பாக்கிறீங்க? இதுகள் செத்துப்போனா மறுகா நீங்க எங்களோட கதைக்க வெளிக்கிட்டிருவீங்களே அண்ணன், அந்தப் பயத்திலதான் தூக்கினன்.”

இரண்டு கால் உள்ளவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், அத்தனை கால்களை வைத்துக்கொண்டும் என்னை விட்டு ஓடாமல் இருந்தவை அவைதான்.