செத்த கம்ப்யூட்டர் சொன்ன பொருத்தம்

எங்கள் வீட்டில் கல்யாணப் பொருத்தம் சொல்வது கம்ப்யூட்டர். அப்பா எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்ட ஜாதக சாஃப்ட்வேர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். மாத்தளை டவுனில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதன் பேச்சைக் கேட்டுத்தான் தாலி கட்டியிருக்கிறார்கள். டைப் பண்ணுவது அத்தை, அப்பாவின் தங்கை. பலன் சொல்வது அப்பா.

அந்த அத்தைக்கே நாவுலப் பக்கமிருந்து மாப்பிள்ளை வந்த வாரம் பார்த்து கம்ப்யூட்டர் செத்துப்போனது. மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். போனிலேயே பார்க்கலாமே என்றார் அம்மா. "போன் ஆயிரம் சொல்லும். நம்ம சாஃப்ட்வேர்ல பார்க்காம நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். புது லேப்டாப்பில் போட்டால் அந்த சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர் கடை அண்ணனைக் கூப்பிடலாம் என்று அத்தைதான் சொன்னாள். அவர் அவளோடு ஒன்றாகப் படித்தவர்.

அவர் வந்து என்னவோ செய்தார் பாருங்கள், நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது. லேப்டாப்புக்குள் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதற்குள் எங்கள் பழைய கம்ப்யூட்டர்! அதே கறுப்பு, அதே பச்சை, முதலில் வரும் அதே பிள்ளையார். அம்மாடி! செத்தது உள்ளே எப்படி வந்து உட்கார்ந்தது என்று லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தேன். "பழைய மெஷின் மாதிரி இத நடிக்க வெச்சிருக்கேன்" என்று அண்ணன் சிரித்தார். அப்பா திரையைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

மாப்பிள்ளை பிறந்த நேரத்தை அப்பா வாசிக்க, அத்தை டைப் பண்ணினாள். நான் அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டத் தட்ட ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "காலையில" என்றார் அப்பா. நான் "பி" என்று வாயைத் திறந்ததும், அத்தை ஒரு முழு முறுக்கை அதில் திணித்தாள்.

பொருத்தம் இல்லை என்று வந்தது. "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று அப்பா கண் கலங்கினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் கடை அண்ணன் எனக்கு மாமாவானார். அந்தப் பொருத்தத்துக்கும் டைப் பண்ணியது அத்தைதான்.

காலைக்கு ஏ.எம்., மாலைக்கு பி.எம். என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? அத்தைக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே முறுக்கைக் கடித்தேன்.