பூஜையில் வைத்த ஷேல் கல்

போன வாரம் எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையில் ஒரு கல்லை வைத்தோம். சாமிக் கல் இல்லை. எரிவாயுக் கிணற்றுக்காக பூமிக்கு அடியில், ரொம்ப ஆழத்திலிருந்து துளைத்து எடுத்த துண்டு. சாம்பல் கறுப்பு நிறம், டார்ச் பேட்டரி அளவு. ஷேல் என்று பெயர்.

வைத்தவள் என் மகள் வித்யா. பி.எச்டி. பண்ணுகிறாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். பின்னே, என்ன சொல்வது?

அவள் சொல்லிச் சொல்லி எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். கிணறு துளைக்கும்போது சேறு மாதிரி ஒரு திரவத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில் இருக்கிற தண்ணீர்தான் ஷேலுக்கு எமன். கண்ணுக்கே தெரியாத துவாரங்கள் வழியாக நுழையும். கல் உப்பும், உதிரும், கிணறே சரிந்துவிடலாம். சாதாரணப் பொடியால் அந்தத் துவாரங்களை அடைக்க முடியாது. அதைவிடப் பல மடங்கு பொடியான நானோ சிலிக்காவைச் சேற்றில் கலந்தால் அது போய் அடைத்துக்கொள்ளும் — இது வித்யாவின் கட்சி.

நிரூபிக்க ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி. கையில் இருந்ததும் ஒரே ஒரு துண்டு. அதுவும் போனால் தீசிஸ் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான், "அம்பாள் காலடியில இருக்கட்டும்மா" என்று லேபிலிருந்து கொண்டுவந்து, மெழுகுத்தாள் சுற்றி, டப்பாவில் மூடி வைத்தாள்.

மலையாள மண்ணில், கரமனையில் எங்கள் தெருவில் பூஜை வைப்பு என்றால் விளையாட்டில்லை. அஷ்டமி சாயந்திரம் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். நடுவில் வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. என் கணவர் இதில் மகா கறார். அரசாங்க ஆபீசில் ரூல் பார்த்தே ரிட்டயர் ஆனவர். பால் கவரில் அச்சடித்திருப்பதைக்கூட நான் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.

நவமி காலை. பூ வைக்கப் போன வித்யா அப்படியே நின்றுவிட்டாள். டப்பா திறந்திருக்கிறது. தாள் பிரிந்திருக்கிறது. கல்லின் தலையில் சந்தனம், குங்குமம்... சுற்றிலும் ஈரம்.

"எந்து பணியாப்பா இது?" கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும்.

"ஏன், மூடி வெச்சா அம்பாள் எப்படிப் பார்ப்பா? தெறந்து, ஜலம் தெளிச்சு, பொட்டு வெச்சேன். நேத்திக்கும் இன்னிக்கும் முறையாப் பண்ணியிருக்கேனாக்கும்."

"அது தண்ணி படப்படாத கல்லுப்பா. அதுக்காக்கும் நான் இத்தனை வருஷமாப் பாடுபடறது."

கல்லின் மேல்பக்கம் மெல்லிசாக விரிசல் ஓடியிருந்தது. அவள் கையை நீட்டினாள். "எடுக்கப்படாது" என்றார் இவர். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வித்யா கையை இழுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று... சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மனிதர் அம்பாள் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். குனிந்து, கல்லைத் தானே எடுத்து, தன் மேல்துண்டால் ஒற்றினார்.

"அம்பாள்ட்ட நான் பறஞ்சுக்கறேன். நீ எழுந்திரு. லேப் இன்னிக்குத் தெறந்திருக்குமோ?"

"சாவி எங்கிட்ட உண்டு."

ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவரும் கூடப் போனார். மகளின் லேபுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். ஈரம் ஏறிய பாதியை அவள் ரம்பத்தால் அறுத்து நீக்கினாளாம். மிச்சம், டெஸ்டுக்கு மட்டுமட்டாகப் போதும். அறுத்த துண்டை வெறும் தண்ணீரில் போட்டுக் காட்டியிருக்கிறாள். இவர் கண் முன்னாலேயே அது கரைந்து சேறாகிவிட்டது. நல்ல பாதியை நானோ கலந்த சேற்றில் இறக்கிவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். விடிந்தால்தான் தெரியும்.

சாயந்திரம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆராவது கேட்டா, 'லேப்ல சேறு கலக்கறா'ன்னு சொல்லிச் சிரிப்பேன். ரொம்பத் தப்பாப் போச்சு, கேட்டியோ."

அவரை மட்டும் சொல்வானேன்? நம் வீடுகளில் பாசத்துக்கு என்ன குறைச்சல்? பிள்ளைகளுக்காக விரதம் இருப்போம், நேர்ந்துகொள்வோம். அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்கத்தான் சோம்பல். வேலை இன்னதென்று தெரியாமலே அதற்குப் பொட்டு வைத்துவிடுகிறோம்.

விஜயதசமி. விடிந்ததும் வித்யா லேபுக்கு ஓடிவிட்டாள். இவர் பூஜையில் உட்கார்ந்தார். இன்னும் புத்தகங்களை எடுக்கவில்லை. பூஜையறைக்குள் போனைக் கொண்டுபோகாத மனிதர், அன்று பக்கத்திலேயே வைத்திருந்தார். 'டிங்' என்றது. மணியடிப்பது நின்றது.

"கல்லு அப்படியே இருக்குப்பா. ஒரு விரிசல்கூட இல்லை" — மகள் அனுப்பியதை அவர் வாய்விட்டு வாசித்தது அடுக்களை வரை கேட்டது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

எனக்குக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.