அண்ணனுக்குச் சொல்லாத செய்தி

ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. அங்கே நீராவி இஸ்திரி மெஷினில் இருபத்திரண்டு வருடம் நின்றவர் அவர். கூட வேலை பார்ப்பவர்கள் ‘ஆவி’ என்றே கூப்பிடுவார்கள். “ஆவி வந்தாச்சா?” என்று மேஸ்திரி கேட்டால் புது ஆட்கள் திடுக்கிடுவார்கள், அவரே முதலில் சிரிப்பார். அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

அண்ணன் பஸ் டிரைவர். மாடியில் அண்ணன் குடும்பம். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத இவர் கீழே. அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, முதுகில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு உடைத்தெடுத்தார்கள். சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, ஒரு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க முடியாது என்பதால் அண்ணன் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது தம்பியின் நம்பரை.

ஐந்தாவது வாரம் போன் வந்தது. மெஷின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“உங்க அண்ணனுக்கு உள்ள வச்ச குழாய், அந்த ஸ்டென்ட்டை எடுக்கணும் சார். மறக்காம வரச் சொல்லுங்க” என்றது ஒரு பெண் குரல்.

“சொல்றேம்மா.”

அன்றைக்கென்று மெஷினில் ஒரு விரிப்பு சிக்கிக் கிழிந்தது. மேஸ்திரி பிடித்துக் காய்ச்சினார். போன் வந்த விஷயம் அடியோடு மறந்துபோயிற்று.

வலி விட்டதும் அண்ணனும் குழாயை மறந்தார். அடிக்கடி பாத்ரூம் போவார். “உன் வண்டி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குதே” என்று தம்பி கிண்டலடிப்பார். நான்கு வருடம் கழித்து அண்ணன் குளிர்காய்ச்சலில் விழுந்தபோது, குழாய் முழுக்கக் கல் படிந்து சிறுநீரகம் சீழ் பிடித்திருந்தது. மூன்றே நாள். எல்லாம் முடிந்தது.

“ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா போயிருப்பாரே” என்று அண்ணி அழுதபோதுதான் தம்பிக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்தது. அதை அண்ணியிடம் மறைத்துவிட்டார்.

அதிலிருந்து குரல் அவரை விடவில்லை. மெஷின் சீறி அடங்கும் இடைவெளியில் ‘மறக்காம வரச் சொல்லுங்க’ என்னும். அண்ணி கடைக்குப் போன ஞாயிறு மத்தியானங்களில், ஆளில்லாத மாடியில் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை யாரோ நடப்பது கேட்கும். பதினோரு காலடி. ஏறிப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கும்.

சூட்டில் நின்று, தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போட்ட உடம்பு. அவருக்கும் கல் வந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“சின்னக் கல்லா இருந்தா குழாயே வைக்காமகூட விட்டுடலாம். உங்களுக்கு அது சரிப்படாது. முதுகு வழியா குழாய் போட்டு யூரினை வெளிய பையில விடலாம். ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுவோம், ஆனா படுக்கத்தான் கஷ்டம். இல்லன்னா உள்ள ஸ்டென்ட். நடமாட சௌகரியம். சில வாரம் கழிச்சு மறுபடி வந்து எடுத்துக்கணும்.”

“வெளியவே போடுங்க டாக்டர்.”

“வலிக்குமே?”

“வலிக்கட்டும். கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கட்டும்.”

அப்படியே செய்தார்கள். பையில் முதலில் சிவப்பாக இறங்கியது, பிறகு வெளிறி, தெளிந்தது. மூன்றாம் நாள் குழாயை உருவினார்கள். ஆனால் முதுகுத் துளை வழியே சிறுநீர் கசிவது நிற்கவில்லை. பஞ்சு நனைந்தது, சட்டை நனைந்தது, விரிப்பும் நனைந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு டாக்டர் ஸ்கேன் எடுத்தார்.

“கீழ இறங்குற வழி வீங்கி அடைச்சிருக்கு. ஸ்டென்ட் வச்சாதான் இது நிக்கும்.”

கையெழுத்துப் போடக் காகிதம் வந்தது. வாங்கிய பேனாவைக் கீழே வைத்தார். துணைக்கு இருந்த அண்ணி பக்கத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அப்ப ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. எனக்குத்தான் வந்துச்சு. அண்ணன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

மடித்த கை நின்றது. அண்ணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயந்தரம் அண்ணி காய்ந்த சட்டையோடு திரும்பி வந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்தத் தேதியில எடுக்கணும்?”

நாலு வாரமும் அண்ணி படியிறங்கி வந்து சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கிடையாது. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் விலாவில் சுரீரென்று இழுக்கும். இதை வைத்துக்கொண்டுதான் அண்ணன் நாலு வருடம் பஸ் ஓட்டினாரா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குறித்த நாளில், காலை எட்டு மணிக்கு, அண்ணி கதவைத் தட்டினார். “கெளம்புங்க தம்பி.”

கத்தி படாமல், சிறுநீர் வழியாகவே கேமரா விட்டு, பத்து நிமிஷத்தில் உருவிவிட்டார்கள். அண்ணி நர்ஸிடம் கேட்டு அதை வாங்கிப் பார்த்தார். இரண்டு முனையும் சுருண்ட, சேமியா மாதிரி மெல்லிய குழாய்.

“இதுதானா” என்றார். தனக்குத்தானே.

அடுத்த மாதம் மாடியைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். கோபமா என்று கேட்க இவருக்குத் துணிவு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அண்ணியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக்கோடு விழும். பதில் மட்டும் இதுவரை வந்ததில்லை.