அறுபதைத் தொட்டால் நடுங்கும் ஜீப்

காலை 5.45, பொள்ளாச்சி. கிளம்பும்போதே எரிச்சல். இரண்டு அங்குலம் உயர்த்திய என் ஜீப் ஐம்பத்தைந்து வரை சமர்த்தாகப் போகும். அறுபதைத் தொட்டால் போச்சு. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி ஸ்டியரிங்கையும் கண்ணாடியையும் என் பல்வரிசையையும் ஒன்றாக ஆட்டும். காட்டுப் பாதையில் அடிப்பாகம் பாறையில் இடிக்கக் கூடாதென்று ஆசைப்பட்டு உயர்த்தியதற்கு இந்தத் தண்டனை.

உயர்த்தியவன் செல்வம், இருபது வருடமாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். மூன்று வாரத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டான். சக்கரங்களை பாலன்ஸ் செய்தான், பின் அச்சின் கோணத்தைச் சரிசெய்யச் சரிவுத் தகடு வைத்தான். நடுக்கம் போகவில்லை. முந்தாநாள் ஆத்திரத்தில் எங்கள் ஜீப் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: "செல்வத்திடம் யாரும் வண்டியை உயர்த்தாதீர்கள். அவனுக்கு வேலை தெரியாது." நாற்பத்து மூன்று பேர் படித்தார்கள். அடுத்த வாரம் அவனிடம் வண்டி விட இருந்த இருவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ராமநாதன் என்பவரிடம் காட்டும்படி ஒருவர் சொன்னார். மீன்பிடிப் படகுகளின் ஷாஃப்டை நேராக்குபவர், ஜீப்பும் பார்ப்பாராம்.

7.15, நெம்மாறை. சாயா பன்னிரண்டு ரூபாய். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் என் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தா சாரே, வண்டி இப்படிப் பொங்கி நிக்குது?"

"உயர்த்தியிருக்கேனுங்க."

"வெள்ளம் வந்தா ஓட்டவா?"

கிளாஸை வைத்துவிட்டு ஏறினேன். வடக்கஞ்சேரி, குதிரான் சுரங்கம், மண்ணுத்தி. நான்கு வழிச் சாலையில் எல்லோரும் நூறில் பறக்க, நான் மட்டும் ஐம்பத்தைந்தில். ஹாரன் அடிக்காமல் என்னைத் தாண்டிய புண்ணியவான் ஒருவர்கூட இல்லை.

11.50, மட்டாஞ்சேரி. நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஆறு மணி நேரம். அதுவும் போதவில்லை என்று, பஜார் சாலையில் அரிசி மூட்டை இறக்கும் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. "பத்து மினிட், சேட்டா" என்றார்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று.

ராமநாதனின் பட்டறை காயல் தண்ணீரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது வயது, கையெல்லாம் கிரீஸ். குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறதாம்.

"வாங்கோ, இருங்கோ. ஊணு கழிஞ்சுதா, சாப்ட்டேளா?"

"இல்லீங்க, முதல்ல வண்டியைப் பார்த்துட்டீங்கன்னா..."

"வைப்பின் தீவுக்காரனோட மீன்பிடி போட்டு ஒண்ணு கெடக்கு. தண்ணி ஏறச்சே எறக்கியாகணும். கடல் நமக்காகக் காத்துண்டு நிக்காது கேட்டேளா. ஜீப்பு நிக்கும்."

நின்றது. நானும் நின்றேன், மூன்றரை மணி வரை. மனிதருக்கு அவசரமே கிடையாது. படகின் ஷாஃப்டும் என்ஜினும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தகட்டை நுழைப்பார், சுற்றுவார், மறுபடி நுழைப்பார். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

3.40. ஒருவழியாக என் ஜீப்புக்கு அடியில் புகுந்தார். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"ஷாஃப்டு ரெண்டு துண்டாக்கும். பல்லுப் பல்லா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கு. ரெண்டு முனையிலயும் கவட்டை மாதிரி உள்ள கவை ஒரே வரிசையில நிக்கணும். இது ஒரு பல்லு தப்பிப் போச்சு. தாழ்ந்த வண்டியில தெரியாது. தூக்கினா ஆடும்."

"நான்தான் சொன்னேனுங்களே! வேலை தெரியாத பயல்!"

"இருங்கோ. தூக்கறச்சே ஷாஃப்டைப் பிரிச்சு, அவன் அடையாளம் பாத்துத்தான் மாட்டியிருக்கான். இந்தச் சிவப்புப் பொட்டு ரெண்டும் கரெக்டா நேருக்கு நேர் நிக்கறது."

ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு துண்டிலும் பெயிண்டால் புள்ளி வைத்து, மாட்டும்போது அவற்றை நேராக்குவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். ராமநாதன் கம்பித் தூரிகையால் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன, ஒரு பல் விலகி.

"கம்பெனிக்காரன் போட்ட அம்பு. இதும்மேல ஆராக்கும் பெயிண்ட் அடிச்சது?"

"நானுங்க. உயர்த்தறதுக்கு முன்ன, ஆயுத பூஜைக்கு."

"பொட்டு?"

"அதுவும் நான்தான். குங்குமம் சேத்துல அழிஞ்சுடும்னு எனாமல் பெயிண்ட்ல வெச்சேன். துண்டுக்கு ஒண்ணு, சும்மா கண் திட்டமா."

"நன்னாப் பண்ணினேள்" என்றார். பிறகு சரிவுத் தகட்டைத் தட்டிக் காட்டினார். "இத வச்சவன் வேலை தெரிஞ்சவனாக்கும். கோணம் கணக்கா இருக்கு."

இருபது நிமிடத்தில் பிரித்து, ஒரு பல் திருப்பி, மாட்டிக் கொடுத்தார்.

5.15, குண்டன்னூர்ப் பாலம். அறுபது. எழுபது. பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டிலில் தண்ணீர்கூட அசையவில்லை. மூன்று வாரமாக ஏங்கியது இதற்குத்தான், ஆனால் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பாலம் இறங்கியதும் ஓரம் கட்டிக் குழுவைத் திறந்தேன். என் செய்திக்குக் கீழே, நான் கவனிக்காத ஒரு வரி: செல்வம் வெளியேறினார்.

"தவறு என்னுடையது. அவன் வேலை சரி" என்று முழுக் கதையையும் எழுதினேன். படிக்க வேண்டியவன் அங்கே இல்லாததால் போன் செய்தேன்.

"செல்வம், ஷாஃப்ட்ல அந்தச் சிவப்புப் பொட்டு..."

"ஆமாங்ணா, நீங்க வெச்ச மார்க்தானுங்களே. வண்டிய இவ்வளவு பாத்துப் பாத்து வெச்சிருக்கறவரு தப்பாவா வெப்பாருன்னு, அதை நம்பித்தான் மாட்டுனேன்."

பூஜைப் பொட்டு என்று சொன்னேன், எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "குழுவுல மறுபடி சேர்க்கச் சொல்லட்டுமாடா?"

"வேண்டாங்ணா" என்றான். "வண்டி இப்ப ஆடலையல்லங்ணா? அது போதும்."

திரும்பும்போது சாலை காலியாகத்தான் கிடந்தது. பொள்ளாச்சி வரை ஐம்பத்தைந்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.