கட்டுரைக்கு ஒரு கஷ்டம்

நான் விண்ணப்பித்த தனியார் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதவில்லை. வாழ்க்கையில் நீ சந்தித்த ஒரு கஷ்டத்தையும் அதை எப்படிக் கடந்தாய் என்பதையும் கட்டுரையாக எழுது என்றது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாமக்கல் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் அடைபட்டுக் கிடந்தவளுக்கு வாழ்க்கை ஏது? மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் படி. கட்டுரை என்றால் ஆசிரியர் எழுதிப்போட்டதை மனப்பாடம் செய்து கக்குவது. அதுதான் எனக்குத் தெரியும்.

விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் சேலத்து அக்கா ஒருவரை அப்பா பிடித்துக் கொடுத்திருந்தார். அவர் போனில், "ஹாஸ்டல் கதையெல்லாம் எல்லாரும் எழுதுவாங்கம்மா. குடும்பத்துல ஏதாச்சும் கஷ்டம் இருக்கும், வீட்ல கேட்டுப் பாரு" என்றார்.

எங்களுக்கு என்ன கஷ்டம்? கோழிப்பண்ணை நன்றாகத்தான் ஓடியது. அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா, நம்மூட்டுல பெரிய கஷ்டம்னு ஏதாச்சும் வந்துதா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அம்மா கையை நிறுத்தினாள். "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இனிச் சொன்னா என்ன" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, அரையாண்டுத் தேர்வு சமயத்தில் தனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

எங்கள் பக்கம் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி கனெக்ஷனை வெட்டுவார்கள். சாவுச் செய்தியைக்கூடப் பரீட்சை முடியட்டும் என்று ஒளித்து வைப்பார்கள். ஊரே அதைப் பெருமையாகப் பேசும். அந்த அரையாண்டு சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவைக் கேட்டபோதெல்லாம், "கோயலுக்குப் போயிருக்குது சாமி" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் அம்மாவின் உடம்பைவிட வேதியியல் பெரிதா என்று கத்தினேன். தோட்டத்திலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் போனில் அழுதுகொண்டே சேலத்து அக்காவிடம் சொன்னேன். "அடடா" என்று வருத்தப்பட்டவர் அடுத்த மூச்சிலேயே, "தேடின மூலிகை காலில் சிக்கின மாதிரி ஆச்சு, இதையே எழுதிடும்மா" என்றார். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கல்லூரி எனக்கு வேண்டும். அம்மாவிடம் போய் நின்றேன். "எழுதிக்க சாமி, நம்ம சொந்தக்காரங்க யாரும் படிக்கமாட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

எழுதினேன். என் கோபத்தை எழுதினேன், கோயில் பொய்யை எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா, "முடிவுதான் தொங்குது. கஷ்டத்தைக் கடந்து வந்தோம்னு காட்டணும். அம்மா பூரண குணமாயிட்டாங்கன்னு ஒரு பத்தி போடு" என்றார்.

சாயங்காலம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப நல்லாயிருச்சுதானம்மா? அப்படியே போட்டுடறேன்" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். மறுபடியும் ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"சொல்லும்மா."

"போன மாசம் எடுத்த ஸ்கேன்ல திரும்பவும் இருக்குதுன்னாங்க சாமி. உனக்குக் காலேஜு சேர்ந்து முடியட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தோம்." அம்மா என் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்தாள். "நீ நல்லாயிருச்சுன்னே எழுதிக்க. பொய்தான், இருந்துட்டுப் போவுது."

நான் அந்தப் பத்தியை எழுதவில்லை. "அடுத்து எப்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை."

"நானும் வாரேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு சாமி அந்த அலைச்சல்" என்றார் அப்பா. அம்மா அவரைப் பேசவிடவில்லை. "வரட்டுமுங்க" என்றாள். "எனக்குப் பயமா இருக்குது."