மூன்று வாய்தா

பயப்படுவதில் எனக்கு இணை இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. இன்றைக்கும் வாசலில் தபால்காரர் என் பெயரைச் சத்தமாகச் சொன்னால், என்ன தப்புச் செய்தோம் என்றுதான் முதலில் யோசிப்பேன். இந்தத் திறமையை ஆறாம் வகுப்பிலேயே நிரூபித்துவிட்டேன்.

பள்ளியில் குடியரசு தினப் பேச்சுப் போட்டி. தலைப்பு, பேச்சுரிமை. வாத்தியார் எழுதிக் கொடுத்ததை ஒரு வாரமாக உருப்போட்டிருந்தேன். மேடையேறியதும் 'அரசியல் சட்டம் நமக்கு வழங்கிய' என்பது வரை வந்தது. என்ன வழங்கியது என்பது மறந்துபோனது. சும்மா நின்றால் மானம் போய்விடும். ஆகவே அம்மா அடுப்படியில் தினமும் புலம்புவதை எடுத்துவிட்டேன். ஊராட்சித் தலைவர் வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது, எங்கள் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. பரிசாக ஒரு சோப்பு டப்பா. கொடுத்தவர், மேடையில் அமர்ந்திருந்த அதே தலைவர்.

சாயங்காலம் தலைவரின் ஆள் வந்து, அவதூறு கேஸ் போடப்போவதாக அப்பாவிடம் சொல்லிப் போனார். மைக்கில் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவாராம். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. சின்ன மாமா மட்டும் மீசையை நீவினார். அவர் உத்தமபாளையம் கோர்ட்டில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. வழக்கு என்றால் பந்தியில் இலை போட்ட மாதிரி குஷியாகிவிடுவார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மச்சான். கேஸ் போட்டா வாய்தா வாங்கிருவோம். ஒண்ணு பத்தலேன்னா ரெண்டு, மூணு."

வழக்கைத் தள்ளிவைத்து வேறு தேதி வாங்குவதற்கு வாய்தா என்று பெயர். எனக்கு அது தெரியாது. நான் பிரித்துக் கேட்டேன்: வாய், தா. பேசிய குற்றத்துக்குப் பேசிய உறுப்பைக் கேட்கிறார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மூன்றா? என்னிடம் இருந்ததே ஒன்று. மிச்சத்துக்கு அப்பாவும் அம்மாவும்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

வாய்தா வாங்கினால் அப்புறம் எப்படிப் பேசுவது என்று மாமாவிடம் மெல்லக் கேட்டேன்.

"நீ எதுக்கு மருமகனே பேசணும்? அதெல்லாம் வக்கீலு பேசிக்கிருவாக."

அத்தோடு வாயை மூடினேன். ஓட்டைக் குடத்தை யாரும் களவாட மாட்டார்கள். வேலை செய்யாத வாயை எந்தக் கோர்ட்டும் வாங்காது என்பது என் கணக்கு. யாரும் பார்க்காதபோது சோறு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அம்மா பதறிப்போனார். நாங்கள் மாதா கோயில் குடும்பம். முதலில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் உத்தமபாளையம் பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர். வரும் வழியில் கருப்பசாமி கோயில் திருநீறு. சாமியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதை நெற்றியில் வைக்காமல் என் வயிற்றில் பூசினார். பேச்சுரிமையை இழந்தவன், மத உரிமையை இரண்டே நாளில் மொத்தமாக அனுபவித்தேன்.

மூன்றாம் நாள், வியர்த்து விறுவிறுத்துத் தலைவரே வந்துவிட்டார்.

"ஏலே, ஒரு வார்த்த பேசுறா. நான் மெரட்டித்தான் ஒனக்கு வாயடச்சுப் போச்சுன்னு ஊரே என்னையத் தூத்துது. வாயத் தொற, ராசா."

கோர்ட்டு வரைக்கும் பொறுக்காமல் நேரிலேயே வாங்க வந்துவிட்டார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரோ நான் அடம்பிடிப்பதாக நினைத்துவிட்டார்.

"கேஸும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. நாளைக்கே குழாயில தண்ணி விடச் சொல்றேன். போதுமா?"

மறுநாள் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நிஜமாகவே தண்ணீரைக் கொட்டியது. கோர்ட்டுக்காரர்கள் இனி வரமாட்டார்கள்தானே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா இடுப்புக் குடத்தை நழுவவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வாய்தாவை நான் பிரித்துக் கேட்ட விஷயம் புரிந்ததும் மாமா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

பேசியபோது வராத தண்ணீர், நான் வாயை மூடியதும் வந்துவிட்டதே என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது: அந்த மூன்று நாளும் எங்கள் தெருப் பெண்கள், அதுவரை அடுப்படிக்குள் முணுமுணுத்தவர்கள், காலிக் குடங்களோடு தலைவர் வீட்டு வாசலில் நின்று மூச்சுவிடாமல் பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்க நான் எங்கே இருந்தேன்? கோயில் கோயிலாகப் போன நேரம் போக, கட்டிலுக்கடியில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.